மிகப் பழைய ஆர்டரைத் தேடும் லூப்: பிழையைப் படிப்படியாகப் பிடிப்பது எப்படி

மெட்டாட்ரேடர் 4 என்ற வர்த்தக மென்பொருளுக்கு இஏ (எக்ஸ்பர்ட் அட்வைசர், தானாக வர்த்தகம் செய்யும் புரோகிராம்) எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் இந்தத் தேவை வந்துவிடும்: திறந்திருக்கும் ஆர்டர்களில் முதன்முதலாகத் திறந்தது எது என்று புரோகிராமே கண்டுபிடிக்க வேண்டும். கிரிட் முறையில், அதாவது விலையில் இடைவெளி விட்டு விட்டு, ஆர்டர்களை அடுக்குகிறவர்களுக்கு அடுத்த ஆர்டரின் தூரத்தைக் கணக்கிட முதல் ஆர்டரின் விலை வேண்டும். நஷ்டத்தில் நிற்கும் பழைய ஆர்டரைப் புதிய ஆர்டரின் லாபத்தோடு சேர்த்து மூடுகிறவர்களுக்கும் வேண்டும். அமெரிக்க புரோக்கரிடம் கணக்கு வைத்திருந்தாலோ இது கட்டாயமே. அங்கே புரோக்கர்களுக்கு விதி வகுக்கும் நேஷனல் ஃபியூச்சர்ஸ் அசோசியேஷனின் 2-43 விதி 2009இல் நடைமுறைக்கு வந்தது. ஒரே கரன்சி ஜோடியில் பல ஆர்டர்கள் இருந்தால் முதலில் திறந்ததை முதலில் மூட வேண்டும். ஃபிஃபோ என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். வரிசை மாற்றி மூடப் பார்த்தால் சர்வர் மறுத்துவிடும், பிழை எண் 150 திரும்பி வரும்.

பத்துப் பன்னிரண்டு வரிகளில் முடிந்துவிடும் லூப் இது. ஆனாலும் இதில் தவறு இருந்தால் கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது. இஏ ஓடும், ஆர்டரும் மூடும், ஆனால் மூடியது வேறு ஆர்டராக இருக்கும். பிழை தேட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது நேரத்தை ஒப்பிடும் வரியில். சிறியது, பெரியது என்ற குறியை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். நான் பார்த்தவரை அந்த வரி சரியாகவே இருக்கும். கோளாறு அதற்கு முன்னாலோ பின்னாலோ உட்கார்ந்திருக்கும்: எந்த மதிப்பில் தொடங்கினோம், எந்த ஆர்டர்களைப் போட்டியில் சேர்த்தோம், லூப் முடிந்ததும் எதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். ஒவ்வொன்றாகப் போவோம்.

ஃபங்ஷன் பெயர்களை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். மெட்டாஎடிட்டரில் முதல் சில எழுத்துகளைத் தட்டினாலே முழுப் பெயரும் வந்துவிடும். பயிற்சி முழுவதையும் டெமோ கணக்கில் செய்யுங்கள். ரிசர்வ் வங்கி அனுமதிக்காத தளங்களில் உண்மையான பணத்தோடு அந்நியச் செலாவணி வர்த்தகம் செய்கிற இந்தியர்கள் ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மை) சட்டப்படி நடவடிக்கைக்கு உள்ளாகலாம். அப்படிப்பட்ட தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலையும் ரிசர்வ் வங்கி வெளியிட்டிருக்கிறது.

படி 1: தேடலைத் தனியே பிரித்தெடுங்கள்

இஏவுக்குள் வைத்தே இந்த லூப்பைச் சரிசெய்ய முயலாதீர்கள். அங்கே ஒவ்வொரு டிக்குக்கும், அதாவது புது விலை வரும் ஒவ்வொரு முறையும், அது ஓடும், அதே டிக்கில் வேறு பகுதிகள் ஆர்டரைத் திறந்துகொண்டும் மூடிக்கொண்டும் இருக்கும். எது எதனால் நடந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. லூப்பை மட்டும் ஒரு ஃபங்ஷனாக்கி, ஒரு தனி ஸ்கிரிப்டின் ஆன்ஸ்டார்ட்டில் இருந்து கூப்பிடுங்கள். ஸ்கிரிப்டை சார்ட்டின் மேல் இழுத்துப் போட்டால் ஒரே ஒரு முறை ஓடி நின்றுவிடும். டிக்குக்காகக் காத்திருக்காது என்பதால், திறந்த ஆர்டர்கள் இருந்தால் சனி ஞாயிறுகளிலும் உட்கார்ந்து சோதிக்கலாம்.

ஃபங்ஷன் திருப்பித் தரவேண்டியது ஒரே ஒரு எண்: பழைய ஆர்டரின் டிக்கெட், அதாவது சர்வர் அதற்குக் கொடுத்த எண். எதுவும் கிடைக்கவில்லை என்றால் -1. விலை, நேரம், லாட் (ஆர்டரின் அளவு) எல்லாவற்றையும் அந்த டிக்கெட்டை வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

படி 2: முதலில் எல்லாவற்றையும் அச்சிடுங்கள்

வடிகட்டலும் ஒப்பீடும் இல்லாமல் வெறும் லூப்பை ஓட்டி, ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒரு வரி அச்சிடுங்கள். லூப்பில் அதன் இடம், டிக்கெட், சிம்பல் (ஜோடியின் பெயர்), வகை, மேஜிக் நம்பர் (எந்த இஏ திறந்தது என்று காட்டும் எண்), லாட், திறந்த நேரம் ஆகிய ஏழும் அந்த வரியில் வேண்டும். எக்ஸ்பர்ட்ஸ் டேபில் வரும் இந்தப் பட்டியலை, டெர்மினலின் டிரேட் டேபில் கண்ணுக்குத் தெரியும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நேரத்தை எழுத்தாக மாற்ற டைம்டுஸ்ட்ரிங்கை வெறுமனே கூப்பிட்டால் தேதி, மணி, நிமிடம் வரைதான் காட்டும். 10:02:11க்கும் 10:02:48க்கும் திறந்த இரண்டு ஆர்டர்கள் உங்கள் கண்ணுக்கு ஒரே நேரமாகத் தெரியும். லூப் சரியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கும், நீங்கள் அதை பக் என்று நினைத்துத் துரத்திக்கொண்டிருப்பீர்கள். வினாடியையும் காட்டும்படி அந்த ஃபங்ஷனுக்கு இரண்டாவது மதிப்பைக் கண்டிப்பாகக் கொடுங்கள்.

ஆர்டர்செலக்ட் என்ன திருப்பித் தருகிறது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே சோதித்துவிடுங்கள். அது ஆர்டரின் விவரங்களை எடுத்து உங்கள் புரோகிராமுக்குள் ஒரு நகல் வைக்கிறது. அதன் பிறகு நீங்கள் கேட்கும் விலை, நேரம், லாபம் எல்லாம் அந்த நகலில் இருந்துதான் வரும். தேர்வு தோற்றுப்போனதைக் கவனிக்காமல் மேலே போனால் கையில் இருப்பது யாருடைய விவரம் என்று சொல்ல முடியாது. தோற்றால் பிழை எண்ணை அச்சிட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகட்டும்.

இடங்களின் எண் 0இல் தொடங்கி ஆர்டர்ஸ்டோட்டலுக்கு ஒன்று குறைவாக முடியும். ஐந்து ஆர்டர் என்றால் 0 முதல் 4 வரை. எல்லையை எழுதும்போது ‘சிறியது’ போடவேண்டிய இடத்தில் ‘சிறியது அல்லது சமம்’ போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பட்டியல் கடைசியில் ஒரு தோல்வி வந்தால் காரணம் இதுதான்.

படி 3: தொடக்க மதிப்பு

அதிகம் பேர் சிக்கிக்கொள்ளும் இடம் இது. ‘முந்தையநேரம்’ என்று ஒரு வேரியபிள், அதன் தொடக்க மதிப்பு 0. லூப்புக்குள் ‘இந்த ஆர்டரின் நேரம் முந்தையநேரத்தைவிடச் சிறியதா’ என்ற கேள்வி. மெட்டாட்ரேடரின் மொழியான எம்க்யூஎல்லில் நேரம் என்பது 1970 ஜனவரி 1இல் இருந்து எண்ணிய வினாடிகள். பூஜ்யத்தைவிடப் பழைய ஆர்டர் உலகத்தில் எங்கேயும் கிடையாது. கண்டிஷன் ஒருபோதும் நிறைவேறாது, ஃபங்ஷன் எப்போதும் -1 தரும்.

இதைக் கண்டுபிடித்ததும் பலர் செய்கிற திருத்தம், பூஜ்யத்துக்குப் பதிலாக இப்போதைய நேரத்தைப் போடுவது. பெரும்பாலான சமயம் வேலை செய்யும் என்பதால் இது இன்னும் ஆபத்தானது. டைம்கரன்ட் என்பது கடைசியாக விலை வந்தபோதிருந்த சர்வர் நேரம். சந்தை மந்தமாக இருக்கையில் ஓர் ஆர்டர் திறந்து, அதன் பிறகு புது விலை இன்னும் வரவில்லை என்றால், ஆர்டரின் நேரம் டைம்கரன்ட்டுக்குச் சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருக்கலாம். இருக்கிற ஒரே ஆர்டரே அதுதான் என்றால் ஃபங்ஷன் ‘ஆர்டர் இல்லை’ என்று சொல்லும். இஏ அதை நம்பி இன்னொன்றைத் திறக்கும்.

டைம்லோக்கல் இன்னும் மோசம். அது உங்கள் கம்ப்யூட்டரின் கடிகாரம். பல புரோக்கர்களின் சர்வர் கிரீன்விச் நேரத்துக்கு 2 மணி, கோடையில் 3 மணி முன்னால் இருக்கும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உங்கள் கடிகாரம் ஐந்தரை மணி முன்னால். ஆக, உங்கள் நேரம் எப்போதும் சர்வர் நேரத்தைவிடப் பெரிது, லூப் பிசகாமல் ஓடும். அதே இஏவை நியூயார்க்கில் உள்ள விபிஎஸ்ஸில் (வாடகை சர்வரில்) ஏற்றினால் உள்ளூர் நேரம் சர்வரைவிட ஏழு மணி பின்னால் போய்விடும். கடந்த ஏழு மணி நேரத்தில் திறந்த ஆர்டர் எதுவும் லூப்பின் கண்ணில் படாது. வீட்டில் ஓடுகிறது, விபிஎஸ்ஸில் ஓடவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இந்த வரியைத்தான்.

இப்போதைய நேரத்தை இதில் இழுக்கவே வேண்டாம். டிக்கெட் இன்னும் -1ஆகவே இருந்தால் வந்த ஆர்டரை அப்படியே ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் மட்டும் ஒப்பிடு. இப்படி எழுதினால் தொடக்க நேரம் என்னவாக இருந்தாலும் பாதிப்பில்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று. வேரியபிள்களை ஃபங்ஷனுக்கு வெளியே குளோபலாகவோ உள்ளேயே ஸ்டேட்டிக்காகவோ அறிவித்திருந்தால், போன டிக்கின் மதிப்பு அப்படியே நிற்கும். முதல் ஆர்டரை இஏ சரியாகக் கண்டுபிடிக்கும், மூடவும் மூடும். மிச்சம் இருக்கிற ஆர்டர்கள் எல்லாம் அதைவிடப் புதியவை என்பதால், நினைவில் நிற்கும் அந்தப் பழைய நேரத்தை எதனாலும் தோற்கடிக்க முடியாது. இஏவைக் கழற்றி மறுபடி போட்டால் சரியாகிவிடும், ஒரு ஆர்டருக்குப் பிறகு மறுபடி நின்றுவிடும். இந்த அறிகுறியைப் பார்த்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். இரண்டு வேரியபிள்களையும் ஃபங்ஷனுக்குள், லூப்புக்கு முந்தைய வரியில் அறிவியுங்கள்.

படி 4: போட்டியில் யார் யார்

ஆர்டர்ஸ்டோட்டல் எண்ணுவது கணக்கில் உள்ள எல்லாவற்றையும்: எல்லா ஜோடிகளும், எல்லா இஏக்களும், நீங்கள் கையால் திறந்ததும், குறித்த விலை வரக் காத்திருக்கும் பெண்டிங் ஆர்டர்களும். வடிகட்டல் இல்லாவிட்டால், போன வாரம் கையால் திறந்து மறந்துபோன தங்க ஆர்டர் ஒன்று உங்கள் யூரோடாலர் இஏவின் முதல் ஆர்டராகத் தேர்வாகிவிடும்.

பழைய விலைகளில் இஏவை ஓட்டிப் பார்க்கும் ஸ்டிராட்டஜி டெஸ்டர் இந்தக் குறையைக் காட்டிக்கொடுக்காது. மெட்டாட்ரேடர் 4 டெஸ்டரில் ஒரு ஜோடி, ஓர் இஏ, அவ்வளவுதான். சிம்பல் வடிகட்டலை அடியோடு மறந்திருந்தாலும் பல வருட பேக்டெஸ்ட் சுத்தமாக ஓடி முடியும். அதனால் டெஸ்டர் முடிவை வைத்து இந்த லூப் சரி என்று முடிவு கட்டாதீர்கள்.

மூன்று கேள்விகள் வேண்டும். சிம்பல் இந்த சார்ட்டின் சிம்பல்தானா? இதைச் சிம்பல் ஃபங்ஷனை வைத்துக் கேளுங்கள். ஜோடியின் பெயரை நேரடியாக எழுதினால், பெயருக்குப் பின்னால் புள்ளியும் ஓர் எழுத்தும் ஒட்டிவைக்கும் புரோக்கரிடம் எதுவுமே பொருந்தாது. அடுத்து, மேஜிக் நம்பர் நம்முடையதா? கையால் திறந்தவற்றுக்கு இது 0, ஆகவே உங்கள் இஏவுக்கு 0 வைக்காதீர்கள். கடைசியாக, வகை என்ன? வாங்கல் 0, விற்றல் 1, பெண்டிங் வகைகள் 2 முதல் 5 வரை. பெண்டிங் ஆர்டருக்கும் திறந்த நேரம் உண்டு, அது ஆர்டரை வைத்த நேரம். காலையில் வைத்து இன்னும் தூண்டப்படாத பை லிமிட் ஒன்று, மதியம் உண்மையில் திறந்த ஆர்டரை முந்திக்கொண்டு தேர்வாகும்.

கேள்விகளை ஒரே நீள கண்டிஷனாகக் கோக்கும்போது கவனம். ‘வாங்கல் அல்லது விற்றல் மற்றும் மேஜிக் பொருந்துகிறது’ என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால், ‘மற்றும்’ முதலில் ஒட்டிக்கொள்ளும். புரோகிராம் அதை ‘வாங்கல், அல்லது மேஜிக் பொருந்தும் விற்றல்’ என்றுதான் படிக்கும். அடுத்த இஏவின் வாங்கல் ஆர்டர்கள் எல்லாம் உள்ளே வந்துவிடும், விற்றலில் மட்டும் எல்லாம் ஒழுங்காக இருக்கும். அடைப்புக்குறி போடலாம். எனக்குப் பிடித்த வழி, ஒவ்வொரு கேள்வியையும் தனி வரியாக்கி, பொருந்தாவிட்டால் கன்டினியூ என்று தள்ளிவிடுவது. எந்தக் கேள்வியில் எந்த ஆர்டர் விழுந்தது என்று அச்சிட்டுப் பார்க்கவும் வசதி.

பிரேக் என்ற சொல் லூப்புக்குள் இருந்தால் எடுத்துவிடுங்கள். பொருந்தும் முதல் ஆர்டரிலேயே நின்றுவிட்டால் கிடைப்பது பட்டியலில் முதலில் வந்தது. அந்தப் பட்டியல் நேர வரிசையில்தான் இருக்கும் என்று நம்பி எழுதாதீர்கள்.

படி 5: நேரமா, டிக்கெட்டா?

டிக்கெட் எண் ஏறிக்கொண்டே போகும், அப்படியானால் சின்ன டிக்கெட்தானே பழைய ஆர்டர் என்று பலர் குறுக்குவழி எடுக்கிறார்கள். இரண்டு சூழ்நிலைகளில் இது தப்பாகிவிடும்.

ஒன்று, பெண்டிங். தூண்டப்பட்டதும் ஆர்டரின் திறந்த நேரம் அந்தக் கணத்துக்கு மாறும், டிக்கெட் பழையதாகவே இருக்கும். காலை 9 மணிக்கு வைத்து மாலை 4 மணிக்குத் தூண்டப்பட்ட ஆர்டரின் டிக்கெட், நண்பகலில் நேரடியாகத் திறந்ததன் டிக்கெட்டைவிடச் சின்னது. ஆனால் திறந்ததில் அது பிந்தியது.

இன்னொன்று, பகுதியாக மூடுவது. இதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்த்தால்தான் விளங்கும். 10:02:11க்கு 0.30 லாட் திறக்கிறது, டிக்கெட் 5001. 10:15:40க்கு 0.10 லாட், டிக்கெட் 5002. 10:20க்கு 5001இல் இருந்து 0.10 லாட்டை மட்டும் மூடுகிறீர்கள். மூடிய 0.10 லாட் 5001 என்ற எண்ணோடு ஹிஸ்டரிக்குப் போய்விடும். மிச்சமிருக்கும் 0.20 லாட் 5003 என்ற புது டிக்கெட்டில் தொடரும், திறந்த நேரம் மட்டும் பழைய 10:02:11தான். டிக்கெட்டை ஒப்பிட்டால் 5002 பழையது என்று வரும். நேரத்தை ஒப்பிட்டால் 5003. சரியான விடை 5003.

அப்புறம், மிச்ச ஆர்டரின் கமென்ட் எந்த டிக்கெட்டில் இருந்து பிரிந்தது என்ற குறிப்பாக மாறிவிடும். கமென்ட்டை வைத்துத் தன் ஆர்டரை அடையாளம் காணும் இஏ அந்தக் கணமே அதைத் தொலைத்துவிடும். மேஜிக் நம்பர் மாறாது, அதை நம்புங்கள்.

ஆகவே ஒப்பிட வேண்டியது நேரத்தை. நேரம் வினாடிக் கணக்கில் இருப்பதால் ஒரே வினாடியில் இரண்டு ஆர்டர் திறந்தால் சமமாகிவிடும். அப்போது மட்டும் சின்ன டிக்கெட்டை எடுங்கள். இல்லாவிட்டால் லூப் ஓடும் திசையைப் பொறுத்து விடை மாறும்.

படி 6: லூப்பை விட்டு வெளியே வரும்போது

லூப் சரியான ஆர்டரைக் கண்டுபிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வரியில் ஆர்டர்ஓப்பன்பிரைஸ் என்று கேட்டால் எந்த ஆர்டரின் விலை வரும்? கடைசியாகச் செலக்ட் ஆனதன் விலை. லூப் நிற்காமல் எல்லா இடங்களையும் தொட்டுவிட்டு வந்ததால், கையில் இருப்பது கடைசி இடத்து ஆர்டர். பின்னாலிருந்து ஓடும் லூப்பில் அந்தக் கடைசி இடம் 0. அங்கே பல நேரம் பழைய ஆர்டரே இருப்பதால் விடை தற்செயலாகச் சரியாக வந்து, பிழை மாதக்கணக்கில் மறைந்திருக்கும்.

டிக்கெட்டை வைத்து மறுபடி செலக்ட் செய்யுங்கள். அப்படிச் செய்யும்போது ஆர்டர்செலக்ட் திறந்தவை, மூடியவை என்று பிரித்துப் பார்க்காது. மேலே சொன்ன 5001ஐ இஏ நினைவில் வைத்திருந்தால், ஹிஸ்டரியில் இருக்கும் மூடிய துண்டை எடுத்துக் கொடுத்து வெற்றி என்றே சொல்லும். ஆர்டர்குளோஸ்டைம் 0தானா என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 0 இல்லை என்றால் அது ஏற்கெனவே மூடியது.

முழு ஃபங்ஷனின் அமைப்பு இப்படி வரும்:

முந்தையடிக்கெட் = -1, முந்தையநேரம் = 0
இடம் = ஆர்டர்ஸ்டோட்டல் - 1 முதல் 0 வரை, ஒவ்வொன்றாகக் குறைத்து:
ஆர்டர்செலக்ட் தோற்றால், பிழை எண்ணை அச்சிட்டு அடுத்த இடம்
சிம்பல் வேறு என்றால், அடுத்த இடம்
மேஜிக் வேறு என்றால், அடுத்த இடம்
வகை 1ஐவிடப் பெரிது என்றால், அடுத்த இடம்
முந்தையடிக்கெட் -1 என்றால், அல்லது நேரம் சிறியது என்றால், அல்லது (நேரம் சமம் மற்றும் டிக்கெட் சிறியது) என்றால்: நேரத்தையும் டிக்கெட்டையும் சேமி
லூப் முடிந்ததும் முந்தையடிக்கெட்டைத் திருப்பிக் கொடு

சேமிக்கும் வரிகள் இரண்டு என்பதால் நெளிவு அடைப்புக்குறி அவசியம். அது விட்டுப்போனால் நேரம் மட்டும் கண்டிஷனுக்குக் கட்டுப்படும், டிக்கெட் எல்லாச் சுற்றிலும் மாறும். கண்டிஷன் முடிந்த இடத்தில் ஓர் அரைப்புள்ளி விழுந்திருந்தாலும் இதே மாதிரி கதைதான். கண்ணால் பார்த்துப் பிடிபடாவிட்டால் சேமிக்கும் வரியில் எஃப்9 தட்டி பிரேக்பாயின்ட் வைத்து, எஃப்5இல் டீபக்கை ஓட்டுங்கள். எஃப்10 தட்டித் தட்டி ஒவ்வொரு வரியாக நகரும்போது இரண்டு வேரியபிள்களும் எப்போது மாறுகின்றன என்று தெளிவாகத் தெரியும்.

படி 7: மூடும் வேலையை இதே லூப்பில் சேர்க்காதீர்கள்

முன்னாலிருந்து ஓடும் லூப்புக்குள் ஆர்டரை மூடினால் என்ன ஆகும் என்பது பலருக்குத் தெரியும். 0வது இடத்தை மூடியதும் 1இல் இருந்தது 0க்கு வந்துவிடும், லூப் 1க்குப் போய்விடும், நடுவில் ஒன்று தப்பிவிடும். அதனால்தான் எல்லாரும் பின்னாலிருந்து ஓட்டச் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் ஃபிஃபோ கணக்கில் அதுவும் கைகொடுக்காது. பின்னாலிருந்து மூடினால் பெரும்பாலும் புதியது முதலில் மூடப் போகும், சர்வர் 150 என்று திருப்பி அனுப்பும்.

எனவே தேடல் வேறு, மூடல் வேறு. தேடும் ஃபங்ஷன் டிக்கெட்டைத் தரட்டும். மூடும் ஃபங்ஷன் அதைச் செலக்ட் செய்து, புது விலையை எடுக்க ரிஃப்ரெஷ்ரேட்ஸ் கூப்பிட்டு, மூடட்டும். வெற்றி என்றால் மறுபடி தேடலைக் கூப்பிடுங்கள், -1 வரும்வரை. தோல்வி என்றால் உடனே அதையே திரும்பத் தேடி முடிவில்லாமல் சுற்றாதபடி, பிழை எண்ணை அச்சிட்டுவிட்டு அந்த டிக்கில் வெளியே வந்துவிடுங்கள். அடுத்த டிக்கில் மீண்டும் முயலலாம்.

படி 8: விடை தெரிந்த கேள்விகளைக் கொடுங்கள்

டெமோ கணக்கில் நிலைமையை நீங்களே அமைத்து, விடையைத் தாளில் எழுதிவைத்துவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். ஆர்டரே இல்லாத கணக்கில் -1 வரவேண்டும். இஏவின் மேஜிக் நம்பரோடு ஒரே ஓர் ஆர்டரைத் திறந்த கையோடு ஓட்டினால் அது கிடைக்க வேண்டும். அதற்கு முன்னால் வேறு ஜோடியில் ஒன்று, கையால் ஒன்று, பெண்டிங்காக ஒன்று இருந்தாலும் விடை மாறக்கூடாது. அப்புறம் பகுதி மூடல், அதன் பிறகு பழைய ஆர்டரை முழுதாக மூடிவிட்டு இன்னொரு முறை. கடைசியாக லூப்பின் திசையைத் திருப்பி எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுங்கள். திசை மாறியதும் எந்த விடையாவது மாறினால் 4, 5, 6 படிகளில் ஒன்று இன்னும் தீரவில்லை.

மூடிய ஆர்டர்களில் பழையதைத் தேடுகிறவர்கள் ஆர்டர்ஸ்டோட்டலுக்குப் பதில் ஆர்டர்ஸ்ஹிஸ்டரிடோட்டல் பயன்படுத்த வேண்டும், செலக்ட் செய்யும்போதும் ஹிஸ்டரி என்று குறிப்பிட வேண்டும். அங்கே கணக்கில் பணம் போட்ட பதிவுகளும் 6ஆம் வகையாக வரிசையில் நிற்கும். வகையைச் சோதிக்காவிட்டால் முதல் டெபாசிட்டே பழைய ஆர்டராகிவிடும்.

மெட்டாட்ரேடர் 5-க்கு இதை எடுத்துப்போனால் ஆர்டர்ஸ்டோட்டல் பெண்டிங்கை மட்டும்தான் எண்ணும், திறந்தவற்றுக்கு பொசிஷன்ஸ்டோட்டல் வேண்டும். அங்கே திறந்த நேரத்தை மில்லிவினாடியிலும் கேட்டு வாங்கலாம், ஒரே வினாடிச் சிக்கல் பெரும்பாலும் ஒழிந்துவிடும். மாற்றி எழுத உட்காரும் முன் கணக்கு ஹெட்ஜிங்கா நெட்டிங்கா என்று பார்த்துவிடுங்கள். நெட்டிங் கணக்கில் ஒரு ஜோடிக்கு ஒரு பொசிஷன்தான் இருக்கும், தேடுவதற்கு அங்கே லூப்பே தேவைப்படாது.